விளக்கும் விலக்கும்

பட்டும் சாமியும் ஒரே அறையில் இருந்தன. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இருந்த ஓட்டு வீடு அது. முன்கூடத்தில் இரண்டு குழித்தறி, அதைத் தாண்டினால் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் மர அலமாரியில் சாயம் தோய்த்த பட்டு நூல் சிட்டங்கள், ஜரிகை, நெய்து மடித்த புடவைகள். எதிர்ப்பக்கம் சாமி படங்கள், நடுவில் குத்துவிளக்கு. பட்டும் லட்சுமிதானே, அவளை எதற்குத் தனியாக வைப்பது என்பது என் மாமியாரின் கணக்கு.

பகலிலும் அந்த அறைக்குள் சாயங்காலமாகவே இருக்கும். இருட்டில் சிட்டங்கள் இருப்பதே தெரியாது. விளக்கை ஏற்றியதும் ஒவ்வொரு நிறமாகத் தூக்கம் கலைந்து எழுந்து வரும். முதலில் மஞ்சள் வரும், அப்புறம் அரக்கு, நான் கொஞ்சம் காத்திருந்தால் கடைசியில் கிளிப்பச்சை. அந்தக் கடைசி நிறம் வருகிற வரை அங்கேயே நிற்பேன். நான் தாமல் ஏரிக்கரையில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் நெல்லும் மாடும்தான் உண்டு. இத்தனை நிறங்கள் ஒரே அறையில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "இன்னாமா, வெளக்கு ஏத்தப் போனவ அங்கியே குடி வெச்சிட்டியா?" என்று அத்தை கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்.

அத்தை என்றுதான் மாமியாரைக் கூப்பிடுவேன். புருஷனை இழந்தவர், என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரே பிள்ளை. கூலிக்கு நெய்து கொடுக்காமல் சொந்தப் பட்டில் நெய்கிற குடும்பம் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. வீடும் தறியும் அவர் பெயரில் இருந்தன. அதனால் தீ இன்சூரன்சும் அவர் பெயரில். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு எரிந்து, அந்தக் குடும்பமே கூலித் தறிக்குப் போன பிறகு எடுத்தது அது. 'இஞ்சூரு' என்பார் அத்தை. பாலிசிக் காகிதம் முழுக்க இங்கிலீஷ். உள்ளூர் ஏஜெண்ட் அதை ஒரே மூச்சில் எங்களுக்குத் தமிழாக்கினார்.

"பட்டு இருக்கிற ரூம்ல ராத்திரி நெருப்பு இருக்கக் கூடாதுமா. படுக்கும்போது வெளக்கைக் குளிர வெச்சுடுங்க. மத்ததெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

அவ்வளவுதான். அந்தக் காகிதத்தில் இருந்த நூற்றுக்கணக்கான வரிகளில் எங்களுக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான். அதைச் செய்கிற வேலை என் கைக்கு வந்தது.

விளக்கைக் குளிர வைப்பது என்றால் என்ன என்று இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எரிகிற விளக்கை வாயால் ஊதக் கூடாது. பூக்காம்பால் திரியை மெல்லப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். சுடர் ஒரு முறை நீலமாகும், அப்புறம் இருக்காது. அதற்குப் பெயர் குளிர வைப்பது. தானாகவே எண்ணெய் தீர்ந்து போனால் மலையேறிவிட்டது என்போம். வேறு எந்தச் சொல்லையும் வாயில் எடுக்க மாட்டோம். கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லாமல் 'வரேன்' என்று சொல்கிறோமே, அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்கிறோமே, அந்த மாதிரிதான் இதுவும். விளக்கை அணைப்பதாவது! அணைந்த வீடு என்று யாரைச் சொல்வார்கள்? சந்ததி அற்றுப்போன வீட்டை. புதுசாகக் கல்யாணமான பெண் அந்த வார்த்தையைச் சொன்னால் வாயிலேயே ஒன்று போடுவார்கள்.

தீப்பிடித்த அன்று என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பட்டு வாங்க பெங்களூர் போயிருந்தார். அத்தையும் நானும் மட்டும். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்னால் பாவு நீட்டுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டு இழைகளை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு நீவுவார்கள். அந்த வேலையில் இருந்தவர்கள்தான் எங்கள் ஓட்டின் மேல் புகையைப் பார்த்துக் கத்தினார்கள். நான் கண் விழித்தபோது வீடு முழுக்க முடி கருகும் வாசனை. பட்டு எரிந்தால் அப்படித்தான் நாறும், அது புழுவின் உடம்பிலிருந்து வந்ததல்லவா. யாரோ என்னைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். நனைந்த பாவின் பக்கத்தில், கஞ்சி வாசனையில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். பாவு நீட்டியவர்களில் பாதிப்பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, மீதிப்பேர் தங்கள் பட்டை அவசரமாகச் சுருட்டினார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் கண்ணுக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி, மெதுவாக, சத்தமில்லாமல் நடந்தது.

அந்தச் சின்ன அறை முழுசாகப் போயிற்று. கூடத்தின் ஓடு பாதி இறங்கியது. தறிக்குழிகளில் ஊற்றிய தண்ணீர் நின்றது. எரிந்தது எப்படி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பின்வீட்டு அடுப்பு என்றார்கள், எலி என்றார்கள், முந்தின நாள் கோயில் உற்சவத்தில் விட்ட வாணத்தின் பொறி ஓட்டிடுக்கில் உறங்கியிருந்தது என்றார்கள்.

சில நாள் கழித்து மெட்ராசிலிருந்து சர்வேயர் வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனி சேதத்தைப் பார்க்க அனுப்பிய அதிகாரி. நல்ல மனிதர்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுச் சாம்பலுக்குள் நடந்தார். அப்போது அத்தை முறத்தை வைத்துக்கொண்டு சாம்பலைப் புடைத்துக்கொண்டிருந்தார். பட்டு எரிந்து போனாலும் ஜரிகையின் வெள்ளி போகாது, பொடிப்பொடியாகச் சாம்பலில் மினுங்கும். சர்வேயர் சங்கடமாகக் கனைத்தார்.

"அம்மா, அதைத் தொடாதீங்க. கம்பெனி பணம் கொடுத்துட்டா, எரிஞ்சதுல மிச்சம் இருக்கிறது கம்பெனியோடது."

"மொத்தமா எரிஞ்சது மட்டும் எங்களுதா?" என்றார் அத்தை. ஆனால் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு சர்வேயர் என்னை விசாரித்தார். எங்கள் தமிழில்தான் கேட்டார், இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். விளக்கு யார் பொறுப்பு என்றார், நான் என்றேன். எங்கே இருந்தது என்றார், கையைக் காட்டினேன். பிறகு இயல்பாகக் கேட்டார்: "ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி விளக்கை அணைச்சுட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரிந்த வீட்டின் நடுவில், சாமி படங்கள் கரிந்து கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டு, அந்தச் சொல்லா?

"ஐயய்யோ, இல்லீங்க! நாங்க வெளக்க அணைக்க மாட்டோங்க" என்றேன்.

அவர் தலையாட்டி எழுதினார். அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான் பதில் சொன்ன கேள்வி ஒன்று, அவர் கேட்ட கேள்வி வேறு. காகிதத்தைச் சுருக்கமாகப் படித்துக் காட்டினார். நான் எட்டாவது வரை படித்தவள் என்ற மிடுக்கில் தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

மாதங்கள் போயின. அப்புறம் கம்பெனி கைவிரித்தது. பட்டு இருந்த அறையில் இரவில் விளக்கு எரிந்தது, அணைப்பதில்லை என்பதே இந்த வீட்டின் பழக்கம், மருமகளே ஒப்புக்கொண்டிருக்கிறாள், ஆகவே பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டது. கடிதத்தைப் படித்துச் சொன்ன வக்கீல் 'மருமகளே' என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.  கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'ஏரித் தண்ணி குடிச்சு வளந்தவ வந்து நெருப்பு வெச்சுட்டா' என்று ஒரு பேச்சு கிளம்பியது. சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து, என் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் சாது. ஆனால் சாதுவும் கேட்டார். "மறந்துட்டியா? நல்லா யோசிச்சுப் பாரு. குளிர வெச்சியா, இல்லியா?" வெச்சேன் என்றேன். மறுநாள் சாப்பிடும்போது மறுபடியும் கேட்டார். ஒரு மாதம் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கையில், திடீரென்று மறுபடியும். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அத்தை மட்டும் கேட்கவே இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். ஓயாமல் பேசுகிற அத்தை அந்த விஷயத்தை மட்டும் தொடாமல் சுற்றிப் போவார். பொழுது சாய்ந்ததும் எப்போதும் போல "வெளக்கு ஏத்துமா" என்பார். அவ்வளவுதான். எனக்கு அது சோதனை மாதிரி இருக்கும். தீப்பெட்டியை எடுக்கும்போது முதுகில் அவர் பார்வை விழுவதாகத் தோன்றும். திரும்பிப் பார்த்தால் அவர் பாட்டுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒருமுறை கேட்டுவிடட்டும், திட்டட்டும், இரண்டு அடி வேண்டுமானாலும் போடட்டும் என்று ஏங்கினேன். கேட்டால்தானே நான் சொல்ல முடியும்? அவர் கேட்காததற்கு ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தெரிந்தது. என்னைக் கேட்க ஒன்றுமில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. எனக்கே சந்தேகம் வந்தது. அந்த இரவை எத்தனை முறை நினைத்துப் பார்த்தேனோ, அத்தனை முறை அது வேறு மாதிரி இருந்தது. ஒரு முறை என் கையில் மல்லிகைக் காம்பு, இன்னொரு முறை அரளி. ஒரு முறை சுடர் நீலமாகி அடங்குகிறது. இன்னொரு முறை நான் கிளிப்பச்சை எழுந்து வருவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறேன், அது வருகிறது, நான் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறேன். தூக்கத்தில் அந்த அறைக்குள் போவேன். தாமல் ஏரி அந்த அறை வரைக்கும் வந்திருக்கும். முழங்கால் அளவு தண்ணீர், அதன்மேல் சிட்டங்கள் மிதக்கும், நடுவில் விளக்கு நனையாமல் எரியும். நான் கையை நீட்டுவேன், எட்டாது. விழித்தால் விரல் நுனியில் எண்ணெய் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பேன்.

வக்கீல் உள்ளூர்க்காரர். மூக்குக் கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டே பேசுவார். அதைத் துடைக்காமல் அவருக்கு ஒரு சட்டமும் ஞாபகம் வராது. முதலில் எங்களுக்குத் தைரியம் சொன்னார். தீ விபத்து என்று நாம் காட்டினால் போதும். 'இந்த நிபந்தனையை மீறிவிட்டாய், அதனால் இந்த நஷ்டத்துக்கு விலக்கு, பணம் தர மாட்டோம்' என்று கம்பெனி சொன்னால், அதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். பாலிசியில் ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வந்தால், எழுதியவனுக்கு எதிராகத்தான் படிக்க வேண்டும். காகிதம் அவர்கள் எழுதியது, நம்மைக் கேட்டு எழுதவில்லையே.

"பாலிசிதாரர் பக்கம் சட்டம் கொஞ்சம் சாய்ஞ்சுதாம்மா நிக்கும்" என்றார்.

"பாலிசிதாரா? தாசில்தார் மாதிரியா?" என்றார் அத்தை. "பதவி பெருசாதான் இருக்குது. வூடுதான் இல்ல."

வக்கீல் சிரித்து முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க விளக்குக்கும் அவங்க விலக்குக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதுக்குள்ளதான் நாம நுழையணும்" என்றார். பிறகு குரலைத் தணித்து இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, 'அணைக்க மாட்டோம்' என்றால் 'குளிர வைப்போம்' என்று அர்த்தம் என்று காட்டுவது. கஷ்டமான வழி. கையெழுத்துப் போட்ட காகிதம் எதிரே நிற்கிறது. நீதிபதி நம்ப வேண்டும். இன்னொன்று சுலபம். மருமகள் அன்று ஒருநாள் மறந்துவிட்டாள் என்று சொல்லிவிடுவது. நிபந்தனை சொல்வது 'எரிய விட்டு வைக்கக் கூடாது' என்பது. அது வழக்கமாகச் செய்வதைப் பற்றியது, ஒருநாள் மறதியைப் பற்றியதல்ல. அதுவும் பாலிசிதாரருக்குத் தெரியாமல் வீட்டில் வேறு ஒருவர் செய்த அலட்சியம்.

"மறதிக்கும் அலட்சியத்துக்கும்தாம்மா இன்சூரன்ஸே இருக்குது. எல்லாரும் ஜாக்கிரதையா இருந்தா அது எதுக்கு? சின்னப் பொண்ணு, அசதியில மறந்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸ் நம்ம கையில."

 என் வீட்டுக்காரர் குனிந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தறி மறுபடியும் நிற்கும், சொந்தப் பட்டில் நெய்யலாம். சொன்னால் கோர்ட்டு முத்திரையோடு, என்றைக்கும் அழியாமல், வீட்டை எரித்தவள் நான். என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றுக்கு எதற்கு இத்தனை ரோஷம் என்றும் தோன்றியது. வீடு திரும்பும் வழியில் அத்தையிடம் சொன்னேன்.

"நான் மறந்துட்டேன்னே சொல்லிட்றேன் அத்த. எல்லாருக்கும் நல்லதுதானே."

"வாய மூடிக்கினு வா" என்றார் அத்தை.

அவ்வளவு கடுமையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. அன்று முழுக்க அழுதேன்.

வழக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெயித்தோம். வக்கீல் பயந்த அந்தக் கஷ்டமான வழியிலேயே ஜெயித்தோம். சர்வேயர் சாட்சி சொல்ல வந்தபோது, நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே தமிழில் சொல்லச் சொன்னார் எங்கள் வக்கீல். மனிதர் நேர்மையாகச் சொன்னார், என் 'ஐயய்யோ'வையும் சேர்த்து. உங்கள் வீட்டில் சாமி விளக்கை என்ன செய்வீர்கள் என்று நீதிபதியே கேட்டாராம். "எங்க அம்மா குளிர வைப்பாங்க சார். எனக்கு அப்போ தோணலை" என்றாராம் அவர். சொன்னவள் எந்த அர்த்தத்தில் சொன்னாளோ அந்த அர்த்தத்தில்தான் அதைப் படிக்க வேண்டும், கம்பெனி தன் விலக்கை நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பு. பழைய இடத்திலேயே ஓடு மாற்றிக் குடிபோனோம். ஆனால் எனக்கு அந்த வழக்கு முடிந்தது தீர்ப்பு நாளில் இல்லை. அதற்கு வெகு முன்னால், அத்தை கூண்டில் ஏறிய மத்தியானத்திலேயே முடிந்துவிட்டது.

அன்று வெயில் மஞ்சளாக, சோம்பலாகக் கிடந்தது. எனக்கும் அடுத்து சாட்சி இருந்ததால் உள்ளே உட்காரக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டு வராந்தாவில், ஒரு ஜன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வேப்பம்பூ காலடியில் உதிர்ந்து கிடந்தது. எங்கேயோ டைப் அடிக்கும் சத்தம், தறிச் சத்தம் மாதிரியே விட்டுவிட்டுக் கேட்டது. இரவெல்லாம் தூங்காத கண்கள் செருகின. பாதி விழிப்பில் நான் மறுபடி அந்த அறைக்குள் போய்விட்டேன். மஞ்சள் எழுந்து வந்தது, அரக்கு வந்தது. அந்த அரக்குக்கு நடுவிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. திடுக்கிட்டு விழித்தேன். ஜன்னல் வழியாகத்தான் வந்தது குரல்.

கம்பெனி வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க மருமகள் அன்னைக்கு விளக்கை எரிய விட்டுட்டுத் தூங்கிட்டாங்க. சரிதானே?"

இதுதான் அந்த இடம். 'மறந்துட்டா' என்று சொல்லச் சொல்லி எங்கள் வக்கீல் காலையில்கூடக் கெஞ்சியிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொல்லட்டும், சீக்கிரம் சொல்லி முடியட்டும் என்றிருந்தது.

"இல்லீங்க" என்றார் அத்தை. "குளிர வெச்சுட்டுதான் படுத்தா."

"நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கலீங்க. நான் முன்னியே தூங்கிட்டேன்."

"பார்க்கலை. அப்போ மருமகளைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்க."

"கேக்கலீங்க."

"தீப்பிடிச்சு எத்தனை மாசம் ஆச்சு? ஒரு தடவைகூடக் கேட்கலையா?"

"இல்லீங்க."

கம்பெனி வக்கீலின் குரலில் உற்சாகம் ஏறியது. "வீடே எரிஞ்சிருக்கு. ஒரே வீட்ல இருக்கீங்க, ஒண்ணா சாப்பிடறீங்க. ஒரு வார்த்தை கேட்கலை. ஏன்? கேட்டா உண்மை வெளிய வந்துடும்னு பயம்தானே?"

  அத்தை பதில் சொன்னார். மெதுவாகத்தான் பேசினார். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏதோ விளக்குகிற மாதிரி.

"பயந்தாங்க. ஆனா அதுக்கில்ல. நான் கேட்டுட்டேன்னா, அவ இன்னா பதில் சொன்னாலும், மாமியா என்னச் சந்தேகப்பட்டா அப்படின்றது அவ மனசுல வுழுந்துடும். பட்டு எரிஞ்சா வேற பட்டு வாங்கலாங்க. அவ அந்நிய வூட்லேர்ந்து என்ன நம்பி வந்த பொண்ணு. அதனால கேக்கல."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சத்தம் வெளியே வந்தால் உள்ளே கேட்டுவிடும். எத்தனை மாதமாக ஒரு கேள்விக்காக ஏங்கியிருந்தேன்! அந்தக் கேள்வி என்மேல் விழாமல் ஒரு மனுஷி அத்தனை மாதமும் கையை நீட்டித் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கும் சந்தேகம் வந்திருக்கும். வராமல் இருக்குமா? அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, 'வெளக்கு ஏத்துமா' என்று சொல்லியிருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குள் டவாலி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கூண்டில் ஏறி நின்றேன். எங்கள் வக்கீல் கேட்டதும், விளக்கை எப்படிக் குளிர வைப்போம் என்று கையால் செய்து காட்டினேன். இல்லாத பூக்காம்பை விரலில் பிடித்து, இல்லாத திரியைப் பின்னுக்கு இழுத்தேன். அப்போது கை எனக்குச் சொல்லிவிட்டது. அந்தப் பிசுபிசுப்பு, திரி எண்ணெயில் அமிழும்போது விரல் நுனிக்கு வரும் அந்தச் சின்ன இளக்கம், கதவைச் சாத்துவதற்கு முன் என் கைக்குள் வந்த முழு இருட்டு. அது அரளிக் காம்பு. அத்தனை மாதமும் தலைக்குள் தேடியது என் விரலிலேயே இருந்திருக்கிறது. குளிர வைத்தேன்.

சாயங்காலம் நடந்தே திரும்பினோம். என் வீட்டுக்காரர் வக்கீலோடு பின்னால் பேசிக்கொண்டு வந்தார். ஏகாம்பரநாதர் கோபுரத்தின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் இருந்தது, கீழே தெரு இருட்டத் தொடங்கியிருந்தது. அத்தை எனக்கு ஓரடி முன்னால், செருப்பில்லாத காலோடு, எப்போதும் போல வேகமாக நடந்தார். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தொண்டை வரை நிரம்பியிருந்தது. இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும், சந்தேகத்துக்கு ஒரு இழைகூட இடமில்லை, இனி அவர் நிம்மதியாகத் தூங்கலாம். எட்டி நடந்து அவரோடு சேர்ந்துகொண்டேன்.

"அத்த, அன்னிக்கி ராத்திரி நான் வெளக்க..."

அவர் நடையை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"நான் கேட்டனா?" என்றார்.